எங்கள் பிழை அல்ல!

மானாம்பதி பஸ் நிறுத்தத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு ஜெராக்ஸ் கடை. பட்டா, சிட்டா எடுத்துத் தருவது, மனு அடித்துத் தருவது, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எல்லாம் அங்கேதான். ஏரிக்கு வரும் வரத்துக்காலைத் தூர் வாரக் கேட்டு என் பெரியப்பா ஒரு மனு கொடுக்க வேண்டியிருந்தது. பழைய ஆணை ஒன்று என் போனில் பிடிஎஃப் கோப்பாக இருந்தது. அதிலிருந்து ஒரு பத்தியை அப்படியே மனுவில் சேர்க்க வேண்டும். கடைத் தம்பி பத்தியைத் தேர்ந்தெடுத்து, காப்பி செய்து, ஒட்டினார். 'கொடுக்க' என்ற சொல்லில் ஒற்றைக் கொம்பு முன்னால் தனியாகக் கழன்று நின்றது. துணைக்கால் பின்னால் தொங்கியது. பத்தி முழுக்க இதே கதி.

"பிடிஎஃப்ல நல்லாத்தாண்ணே இருக்கு. பிரிண்ட் போட்டாலும் நல்லா வரும். எடுத்து ஒட்டினாத்தான் இப்படி ஆவுது."

"அப்ப இது யாரு தப்பு?" என்றார் பெரியப்பா.

தம்பி என்னைப் பார்த்தார். விவரம் தெரிந்தவன் தோரணையில் பேச ஆரம்பித்தவன், பாதியிலேயே நிறுத்திக்கொண்டேன். பெரியப்பா கேட்டது சின்னக் கேள்வி இல்லை. உலகத்துக்கே மென்பொருள் எழுதித் தரும் பெரிய தலைகள் ஒருவரை ஒருவர் வசைபாடிக்கொள்ளும் கேள்வி அது.

முதலில் அந்தக் கொம்புக்கு என்ன ஆயிற்று என்று பார்த்துவிடுவோம். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் 'கொ' என்பது இரண்டே குறியீடுகள்: முதலில் க, அடுத்து ஒகரக் குறி. ஆனால் காகிதத்தில் மூன்று வடிவங்கள்: கொம்பு, க, கால். பிடிஎஃப் அடிப்படையில் காகிதத்தின் பிரதி; எந்த வடிவம் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்பதுதான் அதற்கு முக்கியம். நீங்கள் காப்பி செய்யும்போது, கோப்பைத் திறந்து காட்டும் மென்பொருள் இடமிருந்து வலமாக வடிவங்களைப் பொறுக்கித் தருகிறது. கொம்பு முதலில் வந்துவிடுகிறது. இதைத் தடுக்க வழி இல்லாமல் இல்லை. 'இந்த மூன்றும் சேர்ந்தால் இந்த எழுத்து' என்று ஒரு மறைகுறிப்பைக் கோப்புக்குள்ளேயே வைக்கலாம். பிடிஎஃப் விதிகள் அதற்கு இடம் தருகின்றன. கோப்பை உருவாக்கிய மென்பொருள் குறிப்பை எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதியிருந்தும், திறந்து காட்டும் மென்பொருள் அதைப் படிக்காமல் போயிருக்கலாம். எழுத்துருவிலேயே வடிவங்களுக்கான அட்டவணை தப்பாக இருக்கலாம்.

ஆக, மூன்று வீடுகள். மூன்று வீட்டுக் கதவையும் தட்டிப் பார்த்தால், மூன்றிலும் ஒரே பதில் வரும்: எங்கள் பக்கம் சரியாகத்தான் இருக்கிறது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கட்டற்ற அலுவலக மென்பொருளான லிப்ரே ஆபீஸின் பிழைப் பதிவேட்டில் ஒரு புகாரை முடித்துவைக்க 'நாட் அவர் பக்' என்று ஒரு முத்திரையே உண்டு. எங்கள் பிழை அல்ல என்று பொருள். லினக்ஸுக்குத் திரைமுகப்பு தரும் க்னோம் திட்டம் தன் பழைய பதிவேட்டில் 'நாட் க்னோம்' என்று வைத்திருந்தது. அதே வேலை செய்யும் கேடிஇ இன்னும் ஒரு படி மேல். 'அப்ஸ்ட்ரீம்' என்று ஒன்று, 'டவுன்ஸ்ட்ரீம்' என்று ஒன்று, ஆக இரண்டு முத்திரைகள். பிழை எங்களுக்கு மேலே, அல்லது கீழே. நடுவில் நாங்கள் சுத்தம்.

மேல், கீழ் என்ற இந்தப் பேச்சைக் காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரருக்கு விளக்கத் தேவையில்லை. மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து கீழ் ஏரிக்கு வரும். அது நிரம்பினால் அடுத்ததற்கு. யாரும் எடுத்து, மாற்றி, பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருளும் இப்படித்தான் இறங்கி வருகிறது. 2011இல் தமிழக அரசு பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. பாஸைத் தயாரித்தது சென்னை சி-டாக். அதன் அடித்தளம் டெபியன் என்ற உலகளாவிய தன்னார்வத் திட்டம். டெபியனோ ஆயிரக்கணக்கான தனித் திட்டங்களிலிருந்து நிரலை எடுத்துச் சேர்த்துக் கட்டப்பட்டது. உத்திரமேரூர் ஒன்றியத்தில் பிளஸ் டூ படித்த பெண்ணின் மடிக்கணினி கடைமடை என்றால், தலைமடை பெர்லினிலோ போர்ட்லாந்திலோ ஒருவர் ராத்திரி உட்கார்ந்து எழுதிய பத்து வரியாக இருக்கும். நடுவில் எத்தனை ஏரி, எத்தனை மதகு!

தண்ணீர் வராவிட்டால் கடைமடைக்காரர் நடுமடைக்காரரைப் பிடிப்பார். நடுமடை தலைமடையைக் கைகாட்டும். தலைமடைக்காரர், 'நான் திறந்துதான் விட்டிருக்கிறேன், உங்கள் வாய்க்காலைப் பாருங்கள்' என்பார். மூவரில் ஒருவரும் பொய் சொல்லாமலேயே பயிர் காய்ந்துபோகும்.

அப்படிக் காய்ந்த பயிர்களில் பெரியது டெபியன் - ஓபன்எஸ்எஸ்எல் விவகாரம். ஓபன்எஸ்எஸ்எல் என்பது இணையத்தில் ரகசியம் காக்கும் பூட்டு, சாவிகளைச் செய்யும் பட்டறை. சாவி யாரும் ஊகிக்க முடியாதபடி இருக்க, எங்கிருந்தெல்லாமோ தாறுமாறான எண்களை அள்ளிப் போட்டுக் கலக்க வேண்டும். 2006இல் டெபியனில் இந்தத் தொகுப்பைப் பராமரித்தவருக்கு ஒரு தலைவலி. பிழை தேடும் கருவி இரண்டு வரிகளைச் சுட்டிக்காட்டி எச்சரித்துக்கொண்டே இருந்தது. அவர் பொறுப்பில்லாமல் நடந்துகொள்ளவில்லை. 'இந்த வரிகளை எடுத்துவிடலாமா?' என்று ஓபன்எஸ்எஸ்எல் பக்கம் கேட்டு எழுதினார். பிழை தேட உதவும் என்றால் எடுக்கலாம் என்கிற தொனியில் பதில் வந்தது. எடுத்தார். எடுத்த வரிகளில் ஒன்றுதான் தாறுமாறான எண்களைக் கலக்கிற வரி.

அதன் பிறகு சாவிக்கு மிஞ்சிய ஒரே மாறுபாடு, அந்த நேரத்தில் ஓடும் நிரலின் வரிசை எண் மட்டும். ஒரு வகைச் சாவிக்கு மொத்தமே 32,768 வாய்ப்புகள். சாதாரணக் கணினியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் திறந்துவிடலாம். சுமார் 20 மாதங்கள் இந்த ஓட்டை யார் கண்ணிலும் படவில்லை. லூசியானோ பெல்லோ என்ற டெபியன் பங்களிப்பாளர் கண்டுபிடித்தார். 2008 மே 13 அன்று டெபியன் எச்சரிக்கை வெளியிட்டது. டெபியனிலும், அதன் கீழ் ஏரியான உபுண்டுவிலும் அந்தக் காலத்தில் செய்த சாவிகளையெல்லாம் தூக்கியெறிந்துவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டியதாயிற்று.

அடுத்து என்ன நடந்திருக்கும் என்று ஊகிப்பது எளிது. ஓபன்எஸ்எஸ்எல் குழுவின் பென் லாரி, விநியோகம் செய்கிறவர்கள் தங்களுக்குப் புரியாத நிரலில் கைவைப்பதுதான் ஆபத்து, திருத்தம் இருந்தால் மூலத் திட்டத்துக்கு அனுப்ப வேண்டும் என்று காட்டமாக எழுதினார். டெபியன் தரப்பு, கேட்டுவிட்டுத்தானே செய்தோம் என்றது. நீங்கள் கேட்டு எழுதிய முகவரி குழுவினர் கவனிக்கும் முகவரியே அல்ல என்று பதில் வந்தது. அப்படியானால் சரியான முகவரி எங்கே எழுதியிருக்கிறது என்று மறுகேள்வி. எங்கேயும் தெளிவாக எழுதியிருக்கவில்லை!

எனக்கு இதில் டெபியன் மேல்தான் வருத்தம் அதிகம், கைவைத்தது அவர்கள். ஆனால் கேட்டவருக்குப் பதில் சொன்னவரும் பொறுப்பேற்கவில்லை, கேள்வியைக் கவனிக்காமல் விட்டவர்களும் பொறுப்பேற்கவில்லை என்பதை மறக்க முடியவில்லை. இரண்டு ஊர் எல்லையில் ஓடும் வாய்க்காலில் மரம் விழுந்த கதை.

இன்னொரு வழக்கில் விதிப் புத்தகமே சாட்சிக் கூண்டில் ஏறியது. 2010இல் ஃபெடோரா லினக்ஸின் 14ஆம் பதிப்புக்கு மாறியவர்களுக்கு, ஃப்ளாஷ் மூலம் கேட்ட பாட்டெல்லாம் கரகரத்தது. (ஃப்ளாஷ் கட்டற்ற மென்பொருள் அல்ல, அடோபியின் சொத்து. சண்டை மட்டும் கட்டற்ற உலகத்துக்குள் நடந்தது.) லினக்ஸில் ஏறக்குறைய எல்லா நிரல்களும் சாய்ந்து நிற்கும் தூண் ஜிலிப்சி என்ற நூலகம். நினைவகத்தில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தரவை நகர்த்தும் வேலைக்கு அதில் மெம்காப்பி என்று ஒரு செயல்கூறு. குடோனில் மூட்டைகளை ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்கு மாற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். எடுக்கிற இடமும் வைக்கிற இடமும் ஒன்றன்மேல் ஒன்று படியக் கூடாது என்பது பழைய விதி. ஃப்ளாஷ் அந்த விதியை மீறிக்கொண்டிருந்தது. ஆனால் பழைய மெம்காப்பி முன்னாலிருந்து வரிசையாக நகர்த்தியதால் குட்டு வெளிப்படவில்லை. புதிய ஜிலிப்சி, சில இன்டெல் செயலிகளில் வேகத்துக்காகப் பின்னாலிருந்து நகர்த்தத் தொடங்கியது. படிந்த இடத்தில் மூட்டைகள் குழம்பின. பாட்டு கரகரத்தது.

ஜிலிப்சிக்காரர்கள் சொன்னது, விதி எழுதி எத்தனையோ காலமாகிறது, மீறியவர் திருத்திக்கொள்ளட்டும் என்று. லினக்ஸ் கருநிரலின் தந்தை லினஸ் டோர்வால்ட்ஸே அந்தப் புகாருக்குள் இறங்கினார். காரணத்தைத் தோண்டி எடுத்ததிலும் அவர் பங்கு உண்டு. பயனருக்கு விதிப் புத்தகம் எதற்கு, நேற்று கேட்ட பாட்டு இன்று கேட்கவில்லை, அவ்வளவுதானே என்பது அவர் வாதம். சட்டப்படி ஜிலிப்சி பக்கம் நியாயம். ஊர் நியாயம் டோர்வால்ட்ஸ் பக்கம். கடைசியில் ஜிலிப்சியின் 2.14ஆம் பதிப்பில் ஒரு சமரசம் வந்தது. பழைய நிரல்களுக்குப் பழைய, பத்திரமான வழி. புதிதாகத் தொகுக்கப்படும் நிரல்களுக்குப் புதிய, வேகமான வழி. பழைய ஆயக்கட்டுக்குப் பழைய மடையை அப்படியே விட்டுவிட்டு, புது ஆயக்கட்டுக்குப் புது மதகு கட்டுவது போல. யார் குற்றவாளி என்று தீர்ப்பே எழுதாமல் தண்ணீர் விட்டார்கள். இந்தச் சண்டைகளில் எனக்குப் பிடித்த முடிவு இதுதான்.

தன் வீட்டு விவகாரத்தில் டோர்வால்ட்ஸ் இதைவிடக் கறார். 2012 டிசம்பரில் கருநிரலில் வந்த ஒரு மாற்றத்தால் பல்ஸ்ஆடியோ போன்ற நிரல்கள் தடுமாறின. கோளாறு அந்த நிரல்களில்தான் என்கிற மாதிரி ஒரு மூத்த பராமரிப்பாளர் சொன்னார். டோர்வால்ட்ஸ் அவரை எல்லார் முன்னிலும் கிழித்துத் தொங்கவிட்டார். கருநிரல் மாறியதால் ஒரு நிரல் உடைந்தால் அது கருநிரலின் பிழை, நிரல் மேல் பழி போடவே கூடாது என்பது அவர் சட்டம். சொன்ன மொழியை எந்த வீட்டிலும் அனுமதிக்க மாட்டார்கள். சட்டம் மட்டும் நல்ல சட்டம். மேல் ஏரிக்காரர் தனக்குத் தானே போட்டுக்கொண்ட விலங்கு.

2014இல் அதே மனிதர் கீழ்மடைக்காரர் போலக் கொதித்ததும் நடந்தது. கணினி கிளம்பும்போது 'டீபக்' என்ற சொல்லைக் கொடுத்தால், கருநிரல் கூடுதல் விவரம் எழுதும். கணினிச் சேவைகளைக் கிளப்பிவிடும் சிஸ்டம்டி என்ற திட்டமும் அதே சொல்லைத் தனக்கும் எடுத்துக்கொண்டு, பதிவேடு மூழ்கும் அளவுக்கு எழுதித் தள்ளியது. கணினி கிளம்பவே திணறியது. புகார் போனது. பொதுச் சொல் பொதுவானது, முதலில் பயன்படுத்தியவருக்குச் சொந்தமில்லை என்றார் சிஸ்டம்டியின் கே சீவர்ஸ். இனி அவர் அனுப்பும் நிரலைக் கருநிரலில் சேர்க்க மாட்டேன் என்று டோர்வால்ட்ஸ் அறிவித்தார். ஒரு சொல்லுக்காகப் பேச்சுவார்த்தை அறுந்தது. சொந்தபந்தத்தில் பத்திரிகை வைக்காமல் விடுவோமே, அந்த ரகம்.

சரி, தமிழுக்கு வருவோம். நம் எழுத்தே பல ஆண்டுகள் இப்படி எல்லைத் தகராறில் கிடந்தது.

யூனிகோடில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு கட்டம். உயிர், மெய்க்கு அடிப்படை, உயிர்க்குறிகள் என்று துண்டுகளாகத்தான் வைத்திருக்கிறார்கள். துண்டுகளைச் சேர்த்து 'கொ' என்றும் 'கௌ' என்றும் கோத்துக் காட்டுவது வடிவமைப்பு இயந்திரம் என்ற தனி மென்பொருளின் வேலை. 2000களில் லினக்ஸில் அப்படி ஒன்றல்ல, பல இயந்திரங்கள். க்னோம் பக்கம் பாங்கோ, கேடிஇ பக்கம் க்யூடி, ஓபன் ஆபீஸில் ஐசியு. ஒன்றில் சரியாகத் தெரியும் எழுத்து இன்னொன்றில் புள்ளி வட்டத்தோடு பல்லிளிக்கும். இயந்திரக்காரரைக் கேட்டால் எழுத்துருவைச் சொல்வார். எழுத்துரு செய்தவர் இயந்திரத்தைச் சொல்வார். இருவருமே சில சமயம் யூனிகோடைச் சொல்வார்கள்.

யூனிகோடைச் சொன்னவர்கள் தமிழ்நாட்டில் கணிசம். ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி இடம் கொடுத்திருந்தால் இந்தக் கோக்கும் வேலையே தேவைப்படாது என்பது அவர்கள் கட்சி. அப்படிச் செய்த குறியேற்றம்தான் டேஸ்16. 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி, யூனிகோடோடு அதையும் தமிழக அரசு ஏற்றது. யூனிகோடு அமைப்பின் நிலை வேறு: ஒருமுறை கொடுத்த இடத்தை மாற்ற மாட்டோம், கோப்பது இயந்திரத்தின் பொறுப்பு.

டேஸ்16 அணியின் கோபம் நியாயமானது என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனால் பிழை சரியானது அந்த வழியில் அல்ல. பெஹ்தாத் எஸ்ஃபாபோத் என்ற ஈரானிய-கனடிய நிரலாளர், சிதறிக் கிடந்த இயந்திரங்களுக்குப் பதிலாக ஹார்ஃப்பஸ் என்ற ஒன்றை மறுபடி எழுதினார். 'ஓபன் டைப்' என்பதற்குப் பாரசீகத்தில் அவர் வைத்த பெயர் அது. எது சரியான தமிழ் வடிவம் என்று வாதாடிக்கொண்டிருக்காமல், மைக்ரோசாஃப்டின் இயந்திரம் என்ன காட்டுகிறதோ அதோடு ஒப்பிட்டுச் சோதித்தார். தமிழுக்கு மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சோதனைகள். கடைசியில் தேறாதவை விரல்விட்டு எண்ணும் அளவுதான். எழுத்துரு செய்தவர்கள் எல்லாரும் ஏற்கெனவே அந்த இயந்திரத்துக்குத் தகுந்தபடி செய்திருந்ததால், அதன் கோணல்களையும் சேர்த்தே பின்பற்றினார். கௌரவம் பார்த்திருந்தால் இது நடந்திருக்காது. இன்று ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு, லிப்ரே ஆபீஸ் எல்லாவற்றிலும் தமிழைக் கோத்துத் தருவது ஹார்ஃப்பஸ். பழி போட நாலு வீடு இருந்த இடத்தில் ஒரு வீடு வந்ததும் பழியும் குறைந்தது.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. 'ஸ்ரீ' என்ற எழுத்தைப் பாருங்கள். அதை ஸகரத்தில் தொடங்கியும் அடிக்கலாம். 2005இல் யூனிகோடு 4.1 சேர்த்த 'ஶ' எழுத்தில் தொடங்கியும் அடிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். வாக்காளர் பட்டியலோ வாடிக்கையாளர் பட்டியலோ, 'ஸ்ரீதர்' என்று தேடினால் பாதி ஸ்ரீதர்கள் அகப்பட மாட்டார்கள். இது விசைப்பலகையின் குற்றமா, தேடும் நிரலின் குற்றமா? நான் தேடும் நிரலைச் சொல்வேன். விசைப்பலகை செய்பவர்கள் ஒப்புக்கொள்வார்கள். தேடும் நிரல்காரர்கள் மாட்டார்கள்.

தமிழ்99 விசைப்பலகையிலும் ஒரு வம்பு ஒளிந்திருக்கிறது. ககரத்தை இரண்டு முறை தட்டினால் முதல் க-வுக்குத் தானே புள்ளி வைத்துக் 'க்க' ஆக்கும் அருமையான ஏற்பாடு அதில் உண்டு. அப்படிச் செய்ய, முன்னால் என்ன எழுத்து இருக்கிறது என்று விசைப்பலகைக்குத் தெரிய வேண்டும். லினக்ஸில் அந்தத் தகவல் நீங்கள் எழுதும் செயலியில் தொடங்கி, ஐபஸ் என்ற இடைத்தரகர் வழியாக, ஜப்பானின் ஆய்வு நிறுவனம் ஒன்றில் பிறந்த எம்17என் நூலகத்துக்குப் போக வேண்டும். வழியில் ஒருவர் வாய் திறக்காவிட்டாலும் புள்ளி தவறிப்போகும். பயனருக்குத் தெரிவதோ ஒன்றே ஒன்று: 'தமிழ் சரியா வரல.'

இதற்கெல்லாம் சட்டப்படி யார் பொறுப்பு? யாரும் இல்லை. கட்டற்ற மென்பொருளின் உரிமங்கள் ஏறக்குறைய எல்லாமே, 'இருப்பது இருக்கிறபடி. உத்தரவாதம் எதுவும் கிடையாது' என்று தெளிவாகச் சொல்லித்தான் தருகின்றன. இனாமாகத் தருபவரிடம் நஷ்டஈடு கேட்பது எந்த ஊர் நியாயமும் இல்லை. ஆனால் இனாமாக வாங்கிக்கொண்டு கோடிகளில் புரள்கிறவர் அதே வாயால் குறை சொன்னால்? 2025இல் எஃப்எஃப்எம்பெக் திட்டம் அதைத்தான் பகிரங்கமாகக் கேட்டது. வீடியோ கையாளும் மென்பொருள்களில் பெரும்பகுதி சார்ந்திருக்கும் தன்னார்வத் திட்டம் அது. கூகுளின் செயற்கை நுண்ணறிவுக் கருவி அதில் ஒரு பாதுகாப்பு ஓட்டையைக் கண்டுபிடித்துப் புகார் தந்தது. ஓட்டை இருந்த இடம், 1995இல் வந்த ஒரு வீடியோ கேமின் காட்சிகளைத் திறக்கும் மூலை. திருத்தினார்கள். திருத்திவிட்டு, கண்டுபிடிக்க இயந்திரம் வைத்திருப்பவர்கள் கூடவே திருத்தத்தையும் அனுப்பக் கூடாதா, இல்லை பணமாவது தரக் கூடாதா என்று கேட்டார்கள். ஓட்டையைச் சொல்வதே உதவிதான் என்று மறுபக்கம் பேசியவர்களும் உண்டு. கரை உடைந்திருக்கிறது என்று ஓடி வந்து சொல்கிறவர் நல்லவர்தான். அவர் வீட்டு வாசலில் பத்து ஜேசிபி நின்றால் கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்.

ஐரோப்பிய ஒன்றியம் இதில் சட்டம் போட்டிருக்கிறது. 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த அந்தச் சைபர் சட்டத்தின் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பரிலிருந்து கட்டாயமாகும். பொருளாக விற்றுக் காசு பார்க்கும் நிறுவனமே அதற்குள்ளிருக்கும் மென்பொருளுக்கும் பொறுப்பு. சும்மா எழுதிக் கொடுத்த தன்னார்வலர் மேல் அந்தச் சுமை இல்லை. கட்டற்ற திட்டங்களைப் பேணும் அறக்கட்டளை போன்ற அமைப்புகளுக்கு இலகுவான கடமைகளோடு தனிப் பிரிவு. சரியான திசை என்று எனக்குப் படுகிறது. மராமத்துச் செலவு விளைச்சல் எடுக்கிறவர் தலையில் விழ வேண்டும்.

யார் பொறுப்பு என்று முன்பே வகுத்துவைப்பது மானாம்பதிக்காரர்களுக்குப் பழைய பாடம் என்று சொன்னால் ஊர்ப் பெருமை என்பீர்கள். பக்கத்து உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் போய்ப் பாருங்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டிய விதிகள். குடவோலையில் பெயர் எடுத்து ஆண்டு வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். பதவி 360 நாள். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர் உறவுக்காரர்களும் நிற்க முடியாது. முதல் கல்வெட்டில் தகுதி வயது 30 முதல் 60. இரண்டே ஆண்டில் 35 முதல் 70 என்று திருத்தியிருக்கிறார்கள். பதிப்பு ஒன்று, பதிப்பு இரண்டு! எல்லாரையும் சேர்த்துக்கொண்ட ஜனநாயகம் அது என்று நான் சொல்லவில்லை. நிலமும் வேதப்படிப்பும் கேட்ட பிராமணர் சபை. ஆனால் ஏரி உடைந்தால் எந்த ஆறு பேர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்பது ஊருக்கே தெரியும். கட்டற்ற மென்பொருளில் ஒவ்வொரு ஏரிக்கும் ஆள் இருக்கிறார். இரண்டு ஏரிக்கு நடுவிலுள்ள வாய்க்காலுக்குத்தான் வாரியம் இல்லை.

கடைத் தம்பி அந்தப் பத்தியை முழுக்கக் கையால் அடித்துத் தந்தார். இருபது ரூபாய் கூடுதல்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் திரையில் தமிழ் உடைந்தால் சலித்துக்கொண்டு விட்டுவிடாதீர்கள். எந்தச் செயலி, எந்தப் பதிப்பு, எந்த எழுத்துரு, எந்தச் சொல் என்று நாலு வரி குறித்துக்கொண்டு, திரைப்பிடிப்போடு அந்தத் திட்டத்தின் பதிவேட்டில் புகார் எழுதுங்கள். 'எங்கள் பிழை அல்ல' என்று முத்திரை விழுந்தால், அந்தப் புகார் எண்ணையே எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போங்கள். எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவைக் கேளுங்கள்; ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிப் பேசுகிறார்கள்.